சோளத்துக்குக் கொள்கை கிடையாது: அர்ஜென்டினாவும் சோவியத் யூனியனும்

1980-ல் அர்ஜென்டினாவின் ராணுவ அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. முதலாவது, ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பிய சோவியத் யூனியனைக் கண்டித்து, மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு விளையாட்டு வீரர்களை அனுப்புவதில்லை. இரண்டாவது, அதே சோவியத் யூனியனுக்குக் கப்பல் கப்பலாகத் தானியம் அனுப்புவது. ஓட்டக்காரருக்கும் நீச்சல்காரருக்கும் குறுக்கே வந்த கொள்கை, சோளத்துக்குக் குறுக்கே வரவில்லை!

படித்ததும் சிரிப்பு வரும். ஆனால் இந்த வியாபாரத்தில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. அர்ஜென்டினா தானியம் கொடுத்தது. சோவியத் யூனியன் டாலர் கொடுத்தது. கூடவே மௌனத்தையும் கொடுத்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், உலகத் தொழிலாளர்களின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட நாடு வாயை மூடிக்கொண்டிருந்தது. இரு நாடுகள் வியாபாரம் செய்வதில் தப்பே இல்லை. அந்த மௌனம்தான் தப்பு. அதைவிடக் கொடுமை, அந்த மௌனம் வியாபாரத்துக்குத் தேவையாகவே இருக்கவில்லை என்பது.

கொஞ்சம் பழைய கதை

ரஷ்யப் பேரரசும் அர்ஜென்டினாவும் தூதரக உறவு தொடங்கியது 1885-ல். 1917 புரட்சிக்குப் பிறகு அது அறுந்தது. புதிய சோவியத் அரசை அர்ஜென்டினா அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் 1920-களில் பியூனஸ் அயர்ஸில் ஒரு சோவியத் வர்த்தக நிறுவனம் இயங்கியது. அதாவது, தூதர் கிடையாது, கடை உண்டு! 1930-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அடுத்த ஆண்டே அதையும் இழுத்து மூடியது.

1946 ஜூன் 4-ல் ஹுவான் பெரோன் அதிபராகப் பதவியேற்றார். இரண்டே நாளில், ஜூன் 6-ல், சோவியத் யூனியனுடன் தூதரக உறவு அறிவிக்கப்பட்டது. பெரோன் கம்யூனிஸ்ட் இல்லை. சொல்லப்போனால் கம்யூனிஸ்டுகளுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்ற கணக்கு அவருக்கு இருந்தது.

1953 பிப்ரவரி 7-ஆம் தேதி அர்ஜென்டினாவின் தூதர் லியோபோல்டோ பிராவோவை ஸ்டாலின் கிரெம்ளினில் சந்தித்துப் பேசினார். பத்து நாள் கழித்து இந்தியத் தூதர் கே.பி.எஸ். மேனனைச் சந்தித்தார். மார்ச் 5-ல் ஸ்டாலின் இறந்துவிட்டார். அவர் கடைசியாகச் சந்தித்த வெளிநாட்டுத் தூதர்கள் என்று இந்த இருவரையும் சொல்வதுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அர்ஜென்டினாவுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. லத்தீன் அமெரிக்காவில் சோவியத் யூனியன் போட்ட முதல் வர்த்தக ஒப்பந்தம் அது.

இந்த பிராவோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 23 ஆண்டு கழித்து இவர் மறுபடியும் மாஸ்கோவுக்குத் தூதராகப் போவார். அப்போது அவரை அனுப்பிய ஆட்கள் வேறு.

1976: ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள்

1976 மார்ச் 24-ல் இசபெல் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு ஜெனரல் ஹோர்ஹே விடேலா தலைமையில் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. மேற்கத்திய கிறிஸ்தவ நாகரிகத்தை மார்க்சியத்திடமிருந்து காப்பாற்ற வந்திருக்கிறோம் என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். சில வாரங்களுக்குள் கொர்டோபாவில் ராணுவத்தினர் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள், மாணவர்கள், பத்திரிகையாளர்கள், வக்கீல்கள் என்று ஆட்கள் கடத்தப்பட்டார்கள். பியூனஸ் அயர்ஸில் கடற்படையின் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றே சித்திரவதைக் கூடமாக மாறியது. மயக்க மருந்து கொடுத்து, விமானத்தில் ஏற்றி, உயிரோடு கடலில் வீசப்பட்டவர்களும் உண்டு. ஜனநாயகம் திரும்பிய பிறகு அமைக்கப்பட்ட தேசிய ஆணையம் 1984-ல் தன் அறிக்கையில் 8,961 பேரின் விவரத்தைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000.

இப்படிப்பட்ட அரசைப் பார்த்து மாஸ்கோ என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து நாட்டில் செய்ததைச் செய்திருக்க வேண்டும். 1973 செப்டம்பர் 11-ல் சிலியில் பினோசெட் ஆட்சியைப் பிடித்ததும், சில நாட்களிலேயே சோவியத் யூனியன் தூதரக உறவை முறித்தது. அந்த நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காகச் சாண்டியாகோவின் தேசிய மைதானத்தில் ஆட வேண்டிய சோவியத் கால்பந்து அணி வர மறுத்தது. கைதிகளை அடைத்துச் சித்திரவதை செய்த மைதானத்தில் ஆட மாட்டோம் என்றார்கள். எதிரணியே இல்லாத மைதானத்தில் சிலி வீரர்கள் காலியான வலைக்குள் பந்தை உதைத்து 'ஜெயித்தார்கள்'. கொள்கைக்காக உலகக் கோப்பையையே விட்டுக்கொடுத்த நாடு என்று அன்றைக்குச் சோவியத் யூனியனைப் பாராட்டியவர்கள் நிறைய பேர். பாராட்டத்தக்க செயல்தான், சந்தேகமில்லை.

அதே மாஸ்கோ அர்ஜென்டினா விஷயத்தில் உறவை முறிக்கவில்லை. வெளிப்படையாகக் கண்டிக்கவும் இல்லை. விடேலா அரசு அனுப்பிய தூதர் லியோபோல்டோ பிராவோ மரியாதையோடு வரவேற்கப்பட்டார். அர்ஜென்டினக் கம்யூனிஸ்ட் கட்சி, விடேலாவை மிதவாதி என்றும், அவரை விட்டால் பினோசெட் மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. ராணுவமும் பதிலுக்கு மற்ற இடதுசாரி அமைப்புகள் பலவற்றைத் தடை செய்தபோது, இந்தக் கட்சியின் செயல்பாட்டை 'நிறுத்தி' மட்டும் வைத்தது. இத்தனைக்கும் அந்தக் கட்சியின் உறுப்பினர்களும் காணாமல் போனார்கள்!

சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் வித்தியாசம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. சிலியில் கவிழ்க்கப்பட்டது கம்யூனிஸ்டுகளும் பங்கேற்ற, மக்கள் தேர்ந்தெடுத்த அயெந்தே அரசு. அர்ஜென்டினாவில் கவிழ்ந்த இசபெல் பெரோன் ஆட்சியிலேயே இடதுசாரிகளைச் சுட்டுக்கொல்லும் கூலிப்படை இருந்தது. ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சிலி விற்றது தாமிரம், அது சோவியத் மண்ணிலேயே ஏராளம். அர்ஜென்டினா விற்றது தானியம்.

கார்ட்டர் கதவைச் சாத்த, விடேலா ஜன்னலைத் திறந்தார்

1978-ல் சோவியத் அறுவடை 23.7 கோடி டன். அது சாதனை. அடுத்த ஆண்டே அது சுமார் 17.9 கோடி டன்னாக விழுந்தது. மக்களுக்கு இறைச்சி தருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்த அரசு, மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம் தேடி வெளிநாடுகளுக்கு ஓட வேண்டிய நிலை. அந்த நேரம் பார்த்து ஆப்கானிஸ்தான் வந்தது. 1980 ஜனவரி 4-ல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்துவதாக அறிவித்தார்.

தானியம் விற்கும் மற்ற நாடுகளும் ஒத்துழைத்தால்தான் இது பலிக்கும். அர்ஜென்டினா முடியாது என்றது. கார்ட்டர், ஜெனரல் குட்பாஸ்டரைப் பியூனஸ் அயர்ஸுக்கு அனுப்பிப் பேசிப் பார்த்தார். பலனில்லை. ராணுவ அரசுக்கு அமெரிக்கா மேல் ஏற்கெனவே கோபம். மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 1978-லேயே அமெரிக்கா ராணுவ உதவியை நிறுத்தியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் சந்தை. ஐரோப்பியப் பொதுச் சந்தை தன் விவசாயிகளைக் காக்க வேலி போட்டுக்கொண்டுவிட்டது. அர்ஜென்டினாவின் மாட்டிறைச்சியும் தானியமும் போக இடம் தேடிக்கொண்டிருந்தன. பொருளாதார அமைச்சர் மார்டினெஸ் தெ ஓஸ் பெரும் நிலச்சுவான்தார் பரம்பரை. வயலுக்குச் சொந்தக்காரர்களின் கவலை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

1980 ஜூலையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் மக்காச்சோளமும் சோளமும், 5 லட்சம் டன் சோயாவும். இதற்கு மேலும் வாங்கினார்கள். அமெரிக்க விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். 1981-ல் அர்ஜென்டினாவின் மொத்த ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சோவியத் யூனியனுக்குப் போனது. தானியத்தில் பெரும்பகுதி அங்கேதான். சோவியத்திடமிருந்து அர்ஜென்டினா வாங்கியதோ சொற்பம். உருகுவேயோடு சேர்ந்து கட்டிய சால்ட்டோ கிராண்டே அணைக்கு டர்பைன்கள் போன்ற சில பெரிய இயந்திரங்கள்தான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தன. மீதிக்கெல்லாம் ரொக்க டாலர்.

கார்ட்டரின் தடை என்ன சாதித்தது? அர்ஜென்டினா வழக்கமாக விற்றுவந்த நாடுகளுக்கு அமெரிக்கத் தானியம் போனது. அமெரிக்கா விற்றுவந்த இடத்துக்கு அர்ஜென்டினாவின் தானியம் போனது. நாற்காலி மாற்றி உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அமெரிக்க விவசாயிகள் கொந்தளிக்க, 1981 ஏப்ரலில் ரீகன் தடையை நீக்கினார்.

ஜெனிவாவில் நடந்தது

இதுவரை சொன்னது வியாபாரம். இனிதான் மௌனம்.

1977 ஏப்ரல் 30-ல் பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் சில அம்மாக்கள் கூடினார்கள். பிள்ளைகள் எங்கே என்று அதிபர் மாளிகையைப் பார்த்துக் கேட்டார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னதால் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசுசேனா வில்லாஃப்ளோரையே அந்த ஆண்டு டிசம்பரில் கடத்திக் கொன்றார்கள்.

உள்நாட்டில் கோர்ட் கைவிரித்தது. பத்திரிகைகள் பயந்து கிடந்தன. அந்தக் குடும்பங்களுக்கு மிச்சமிருந்தது வெளியுலகம்தான். ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் அர்ஜென்டினாவின் பெயரைச் சொல்லிக் கண்டிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்று முயற்சி நடந்தது. சிலிக்கு அப்படி நடந்திருந்தது. அங்கே சோவியத் அணி முழுமூச்சாகக் குரல் கொடுத்தது. அர்ஜென்டினா என்றதும் அதே சோவியத் அணி உள்நாட்டு விவகாரம், தலையிடக் கூடாது என்று பேசத் தொடங்கிவிட்டது. விடேலாவின் தூதர்களும் சோவியத் தூதர்களும் ஒரே பக்கம்! கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டாலே ஆளைத் தூக்கும் அரசுக்கு, உலக மேடையில் குடை பிடித்தது கம்யூனிஸ்ட் வல்லரசு.

அர்ஜென்டினாவின் பெயரை நேரடியாகச் சொல்ல முடியாததால் 1980 பிப்ரவரி 29-ல் ஒரு சமரசம் பிறந்தது. எந்த நாட்டின் பெயரையும் குறிப்பிடாமல், உலகம் முழுவதற்கும் பொதுவாக, காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்து விசாரிக்க ஐந்து பேர் கொண்ட பணிக்குழு ஒன்றை ஆணையம் அமைத்தது. தப்பிக்கப் பார்த்ததால் பிறந்த குழு, பின்னாளில் எத்தனையோ நாட்டு மக்களுக்கு வாசலாகிவிட்டது. அந்தக் குழுவிடம் மிக அதிகமான புகார்கள் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிள்ளைகளின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அமர்ந்த தமிழ்த் தாய்மாரின் மனுக்கள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, அர்ஜென்டினத் தாய்மாரால் உருவானது.

"ஆனால்..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு

"பசித்த மக்களுக்குத் தானியம் வாங்கியது குற்றமா?" இல்லவே இல்லை. சோற்றை ஆயுதமாக்கிய கார்ட்டரின் தடையைத்தான் குறை சொல்ல வேண்டும். இன்றைக்கும் இந்தியச் சமையலறைகளுக்கு அர்ஜென்டினாவிலிருந்து சோயா எண்ணெயும் ரஷ்யாவிலிருந்து சூரியகாந்தி எண்ணெயும் வருகின்றன. கொள்கை பொருந்தும் நாட்டோடு மட்டும்தான் வியாபாரம் என்றால் பாதி உலகம் பட்டினி கிடக்கும்.

"அமெரிக்கா மட்டும் யோக்கியமா?" அதுவும் இல்லை. 1976 ஜூனில் அர்ஜென்டின வெளியுறவு அமைச்சரிடம், செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய்து முடித்துவிடுங்கள் என்ற பொருளில் ஹென்றி கிஸ்ஸிங்கர் பேசியது பின்னாளில் வெளியான அமெரிக்க ஆவணங்களிலேயே இருக்கிறது. கார்ட்டர் கண்டித்தார். ரீகன் வந்ததும் மீண்டும் கொஞ்சல். ஆனால் அமெரிக்கா செய்த பாவம் சோவியத்தின் கணக்கில் வரவாகிவிடாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

"உறவை முறித்திருந்தால் மட்டும் ராணுவம் கொலையை நிறுத்தியிருக்குமா?" நியாயமான கேள்வி. சிலியோடு உறவை முறித்ததால் பினோசெட் ஒன்றும் திருந்திவிடவில்லை. 1976 டிசம்பரில் சிலிச் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் லூயிஸ் கொர்வலானை மீட்க, சோவியத் சிறையிலிருந்த எழுத்தாளர் விளாடிமிர் புக்கோவ்ஸ்கியை விடுவித்து ஜூரிச்சில் கைமாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் உறவு இல்லாததால் மூன்றாம் நாட்டின் துணை தேவைப்பட்டது. ஆக, தூதரகத்தை மூடுவது மருந்து என்று யாரும் சொல்ல வேண்டாம். உறவு இருந்தால் பேச முடியும். ஆனால் பேச முடிகிற இடத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்ததைத்தான் இங்கே குற்றம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து

சரி, இந்த மௌனத்தால் அர்ஜென்டின ராணுவத்துக்காவது கடைசிவரை லாபம் கிடைத்ததா? 1982 ஏப்ரல் 2-ல் அது பிரிட்டனின் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தது. அர்ஜென்டினாவில் அவற்றுக்கு மால்வினாஸ் என்று பெயர். மறுநாள் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அர்ஜென்டினப் படை வெளியேற வேண்டும் என்ற 502-ஆம் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தது. சோவியத் யூனியன் ஒரு கையைத் தூக்கியிருந்தால் போதும், வீட்டோவில் தீர்மானம் செத்திருக்கும். தூக்கவில்லை. நடுநிலை வகித்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 1, நடுநிலை 4. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு பனாமா!

தானியம் வாங்க முந்திக்கொண்டு வந்தவர்கள் சண்டை என்றதும் பின்னால் நின்றுகொண்டார்கள். அந்த ஜூனில், மார்க்சியத்தை ஒழிக்க வந்த அரசின் வெளியுறவு அமைச்சர் கோஸ்டா மெண்டஸ் ஹவானாவுக்குப் போய் ஃபிடல் காஸ்ட்ரோவிடம் ஆதரவு கேட்க வேண்டி வந்தது. போரில் 649 அர்ஜென்டினர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பையன்கள்.

மௌனம் இல்லாமலும் வியாபாரம் நடந்தது

கடைசி வாதம் இதுதான், முக்கியமானதும் இதுதான். மௌனம் காத்ததால்தான் தானியம் கிடைத்தது என்று சொன்னால், அடுத்து நடந்தது அதைப் பொய்யாக்குகிறது.

1983 டிசம்பர் 10-ல் ராவுல் அல்ஃபொன்சின் அதிபரானார். 1985-ல் ராணுவத் தலைவர்கள் சிவில் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். அந்த டிசம்பரில் விடேலாவுக்கு ஆயுள் தண்டனை. 1986-ல் தானிய ஒப்பந்தம் மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. அந்த அக்டோபரில் அல்ஃபொன்சின் மாஸ்கோ போனார். சோவியத் யூனியனுக்குச் சென்ற முதல் அர்ஜென்டின அதிபர் அவர்தான். சோவியத் மறுபடி அமெரிக்காவிடம் வாங்கத் தொடங்கியதால் அளவு குறைந்தது உண்மை. ஆனால் விடேலாவிடம் வாங்கிய அதே சோளத்தை, விடேலாவைச் சிறையில் போட்ட அரசிடமும் வாங்க முடிந்தது. 1980-லும் நிலச்சுவான்தார்களுக்கு விற்றாக வேண்டியிருந்தது, வேறு சந்தை இல்லை. மாஸ்கோ ஜெனிவாவில் ஒரு வார்த்தை கண்டித்திருந்தால் கப்பல்கள் நின்றிருக்கும் என்று நம்ப இடமில்லை. கேட்காமலே கொடுத்த இனாம் அந்த மௌனம்.

இதன் மறுபக்கத்தை அர்ஜென்டினா பின்னாளில் காட்டியது. 2020 டிசம்பரில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் தடுப்பூசியை லத்தீன் அமெரிக்காவில் முதலில் அங்கீகரித்தது அர்ஜென்டினா. தனி விமானம் அனுப்பி மாஸ்கோவிலிருந்து கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரி 3-ல் அதிபர் ஆல்பெர்டோ ஃபெர்னாண்டஸ் மாஸ்கோவுக்கே போய், லத்தீன் அமெரிக்காவுக்குள் ரஷ்யா நுழையும் வாசலாக அர்ஜென்டினா இருக்கலாம் என்று புடினிடம் சொன்னார். மூன்றே வாரத்தில் உக்ரைன் மீது படையெடுப்பு. மார்ச் மாதம் ஐ.நா. பொதுச் சபையில் அர்ஜென்டினா அதைக் கண்டித்து ஓட்டுப் போட்டது. ஏப்ரலில் மனித உரிமை மன்றத்திலிருந்து ரஷ்யாவை இடைநீக்கம் செய்யும் தீர்மானத்தையும் ஆதரித்தது. பிரேசில் நடுநிலை வகித்தபோது அர்ஜென்டினா ஆதரித்தது. தடுப்பூசி தந்தார்களே என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. தூதரகமும் மூடப்படவில்லை.

அதற்காக அர்ஜென்டினாவுக்குச் சிலை வைக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் அதிபரான ஹவியர் மிலெய் பதவியேற்பு விழாவுக்கே செலென்ஸ்கியை வரவழைத்தார். அதே மிலெய் அரசு, 2025 பிப்ரவரியில் அமெரிக்கா நிலை மாறியதும், உக்ரைனை ஆதரிக்கும் ஐ.நா. தீர்மானத்தில் நடுநிலைக்கு நகர்ந்துகொண்டது. ஆள் மாறினால் ஓட்டும் மாறுகிறது. ஆள் மாறாவிட்டாலும் மாறுகிறது!

ஆகவே இடதுசாரி நாடு, வலதுசாரி நாடு, நட்பு நாடு, எதிரி நாடு என்று கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுபவர்கள் ஒரு நிமிடம் அந்த 1980-ஐ நினைத்துப் பார்க்கலாம். இரண்டு நாடுகள் கை குலுக்கும் படத்தைப் பார்த்தால், என்ன வாங்கினார்கள், என்ன விற்றார்கள் என்பது செய்தியிலேயே வந்துவிடும். எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சோளத்துக்குக் கொள்கை கிடையாது, இருக்கவும் வேண்டாம். அதை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வாய் இருக்கிறது.